பழங்காநத்தம் வரை வந்த இரும்புக்கை

லூயிஸ் கிராண்டேல் வலது கையை இழந்தது ஓர் ஆய்வுக்கூட விபத்தில். பேராசிரியர் பாரிங்கரிடம் உதவியாளன் வேலை. போன கைக்குப் பதிலாக எஃகுக் கை ஒன்றை மாட்டிக்கொண்டு அதே கூடத்துக்கு வேலைக்குத் திரும்புகிறான். விதி விடவில்லை. பேராசிரியரின் புதுக் கருவி வெடித்து, உயர் அழுத்த மின்சாரம் அவன் உடம்பில் பாய்கிறது. கரிக்கட்டையாகிக் கிடக்கவேண்டிய ஆள், சட்டை பேண்ட்டோடு சேர்த்து மறைந்துபோகிறான். எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது.

இந்தக் கை பிறந்த தேதி 1962 அக்டோபர் 6. லண்டன் ஃப்ளீட்வே நிறுவனம் பையன்களுக்காகத் தொடங்கிய ‘வேலியண்ட்’ வார இதழின் முதல் இதழில் ‘தி ஸ்டீல் கிளா’ என்ற தொடர் வந்தது. எழுதியவர் கென் பல்மர். விஞ்ஞானக் கதைகளை வண்டி வண்டியாக எழுதித் தள்ளியவர். வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ, பார்சிலோனாக்காரர். 1919-ல் பிறந்த பிளாஸ்கோவுக்கு அப்போதே ஸ்பெயினில் நல்ல பெயர் உண்டு. அந்தக் காலத்தில் இங்கிலாந்துப் பதிப்பாளர்கள் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் ஓவியர்களைப் பிடித்துப் படம் வரைய வைப்பது வழக்கம். ஆக, கதை லண்டனில், கை பார்சிலோனாவில். பிறக்கும்போதே தபாலில் போய் வந்த கை.

இந்தக் கதாநாயகனிடம் எனக்குப் பிடித்த விஷயம், தொடக்கத்தில் அவன் நல்லவனே இல்லை என்பதுதான். ஒருவன் கண்ணுக்குத் தெரியாமல் போனால் முதலில் என்ன செய்வான்? ஊருக்கு நல்லது செய்யக் கிளம்புவானா? கிராண்டேல் கொள்ளையடிக்கப் போனான். பெரிய நகரங்களையே மிரட்டினான். வாசகப் பையன்களுக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது. கொன்றுவிடவும் முடியாது, திருடனாகவே வைத்திருக்கவும் முடியாது. விபத்தில் மூளை கலங்கியதால்தான் அப்படியெல்லாம் நடந்துகொண்டான் என்று ஒரு சமாதானம் சொல்லி அவனைத் திருத்தினார்கள். பல்மருக்குப் பின் டாம் டல்லி என்பவர் எழுத வந்தார். கிராண்டேல் ‘ஷேடோ ஸ்குவாட்’ என்ற உளவுப் படையில் சேர்ந்தான். ஜேம்ஸ் பாண்ட் படங்கள் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த சமயம் அது. அதன் காற்று இங்கும் அடித்தது. விரல் நுனியில் துப்பாக்கி, விரலுக்குள் புகை, உள்ளங்கையில் ரேடியோ என்று கைக்குள் ஒரு ஆயுதக் கிடங்கே குடியேறியது. நடுவில் கொஞ்ச காலம் அமெரிக்க சூப்பர் ஹீரோக்களைப் போல உடம்பைப் பிடித்த உடுப்பு ஒன்றையும் மாட்டிவிட்டுப் பார்த்தார்கள். பொருந்தவில்லை, கழற்றிவிட்டார்கள்.

அவனுடைய சக்தியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். சூப்பர்மேனுக்குச் சக்தி எப்போதும் இருக்கிறது. நினைத்தால் பறப்பான், மலையைத் தூக்குவான்; எழுதுகிறவர்தான் அவனுக்குத் தொல்லை கொடுக்க வழி தேடித் தவிக்கவேண்டும். தமிழில் ‘இரும்புக்கை மாயாவி’யாகிவிட்ட கிராண்டேலின் கதை அப்படி இல்லை. மறையவேண்டுமானால் அவன் ஷாக் வாங்கவேண்டும். சுவரில் பிளக் பாயின்ட் இருக்கிறதா, மேலே கம்பி போகிறதா என்று தேடிக் கையை வைக்கவேண்டும். வலிக்கும். மறைந்த பிறகும் நிம்மதி கிடையாது. உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்கிக்கொண்டே இருக்கும், எந்த நேரமும் உருவம் திரும்பிவிடலாம். இவ்வளவுக்கும் பிறகு கை மட்டும் பளபளவென்று தெரியும். எதிரிக்கு அதுவே போதும், குறி பார்த்துச் சுட. இவ்வளவு ஓட்டைகளோடு ஒரு சக்தியைக் கொடுத்ததால்தான் கதை தானாக ஓடியது. மின்சாரம் இல்லாத தீவில் இறக்கிவிட்டாலே ஒரு கதை தயார்.

அந்தப் பக்கங்களில் பிளாஸ்கோ செய்திருக்கும் வேலை அலாதி. கிராண்டேல் மின்சாரத்தைத் தொடும் கட்டத்தில் மின்னல் கோடுகள் விரலிலிருந்து தோளுக்கு ஏறும். அடுத்த கட்டத்தில் முகம் பாதி இருக்கும், பாதி இருக்காது. அதற்கடுத்ததில் வெறும் அறை. நாற்காலி, மேசை, கதவு, கதவின் பிடியில் ஒரு கை. கையை மட்டும் வரைந்து, அது கோபமாக இருக்கிறதா, தயங்குகிறதா, களைத்திருக்கிறதா என்று தெரியவைப்பார். முகமே இல்லாமல் நடிக்கவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

இவ்வளவு வேலை செய்தவரின் பெயரை இதழில் போடவில்லை. பிரிட்டிஷ் வார இதழ்களில் எழுதியவர், வரைந்தவர் பெயர் அச்சிடும் வழக்கம் அன்று கிடையாது. கையை எல்லோரும் பார்த்தார்கள். கைக்குப் பின்னால் இருந்தவர்கள் கண்ணில் படவில்லை. தமிழில் வந்தபோதும் அதுதான் நிலைமை. நாற்பது ஐம்பது வயதுக்குப் பிறகு இணையத்தில் தேடித்தான் எங்கள் தலைமுறை பிளாஸ்கோ என்ற பெயரையே தெரிந்துகொண்டது. அவர் 1995-லேயே காலமாகிவிட்டார்.

கை லண்டனைவிட்டுக் கிளம்பி முதலில் போன இடங்களில் ஒன்று ஸ்பெயின். ‘ஸார்பா தே அசேரோ’ என்ற பெயரில் வெர்டிஸ் என்ற பதிப்பகம் வெளியிட்டது. பெரிய வார இதழ்ப் பக்கத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி, சின்னப் புத்தகத்துக்கு ஏற்றபடி மாற்றி ஒட்டி அச்சடித்தார்கள். ஸ்பெயின்காரர் வரைந்த படம் இங்கிலாந்து போய், ஸ்பெயினுக்கே வெட்டுப்பட்டுத் திரும்பிய கதை இது. ஃப்ளீட்வேயும் சும்மா இருக்கவில்லை. 1967-ல் ‘சூப்பர் லைப்ரரி’ என்ற வரிசையில் கைக்கு அடக்கமான, தடித்த புத்தகங்களைக் கொண்டுவந்தது. பக்கத்துக்கு இரண்டு மூன்று கட்டம், ஒரு புத்தகத்தில் ஒரு முழுக் கதை, ‘தொடரும்’ கிடையாது. இந்த வடிவம்தான் நமக்கு முக்கியம். வாரா வாரம் இரண்டு பக்கம் என்று துண்டு துண்டாக வந்ததைத் தமிழுக்குக் கொண்டுவருவதைவிட, முழுக்கதையாக வந்ததைக் கொண்டுவருவது எளிது. சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸில் நாம் படித்த மாயாவி கதைகள் பலவற்றின் மூலம் இந்தத் தடித்த புத்தகங்கள்தான்.

சிவகாசியில் அச்சுத் தொழிலுக்குப் பஞ்சம் இல்லை. தீப்பெட்டி லேபிள், பட்டாசு லேபிள், காலண்டர் என்று சாமி படத்திலிருந்து குருவி வெடி வரைக்கும் அடித்துத் தள்ளிய ஊர். அங்கே சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். ஆசிரியர் பொறுப்பில் முல்லை தங்கராசன். 1972 ஜனவரியில் வந்த முதல் இதழின் பெயரே ‘இரும்புக்கை மாயாவி’. அதற்கு முன் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் படக்கதை தெரியாது என்றில்லை. 1947 முதல் ‘அம்புலிமாமா’ இருந்தது, பத்திரிகைகளில் சித்திரத் தொடர்கள் இருந்தன, 1964-ல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸும் கொஞ்ச காலம் தமிழில் வந்தது. ஆனால் ஒரு புத்தகம் முழுக்க ஒரே சாகசக் கதை, அதுவும் மாதாமாதம் கையில் என்பது வேறு ருசி.

ஆங்கிலப் பலூனுக்குள் தமிழை அடக்குவது தனி வித்தை. அங்கே நாலு எழுத்தில் முடிகிற சொல் இங்கே பன்னிரண்டு எழுத்து நீளும். பலூன் நீளாது. அதனால் மாயாவி தமிழில் சுருக்கமாகப் பேசக் கற்றுக்கொண்டான், ஆச்சரியக்குறியோடு. வில்லன்கள் மட்டும் எப்படியோ இடம் பிடித்து விளக்கமாகவே பேசினார்கள். ‘பாம்புத் தீவு’, ‘பாதாள நகரம்’, ‘நாச அலைகள்’, ‘உறைபனி மர்மம்’, ‘இயந்திரத் தலை மனிதர்கள்’ போன்ற தலைப்புகளெல்லாம் சிவகாசிச் சரக்கு. லண்டன் தலைப்புகளைவிட இவை எடுப்பானவை என்பது என் கட்சி.

மதுரைக்கும் சிவகாசிக்கும் எழுபது கிலோமீட்டர் சொச்சம். திருமங்கலம் தாண்டி, திருப்பரங்குன்றம் பக்கமாக வந்து, தெற்கிலிருந்து ஊருக்குள் நுழைந்தால் வருகிற இடம் பழங்காநத்தம். 1999-ல் மாட்டுத்தாவணி பஸ் நிலையம் திறக்கும்வரை தெற்கத்தி பஸ்கள் வந்து நின்ற ஸ்டாண்டு இங்கேதான் இருந்தது. திருநெல்வேலி, நாகர்கோவில், தூத்துக்குடி, ராஜபாளையம் என்று கண்டக்டர்கள் கூவிக்கொண்டே இருப்பார்கள். பஸ் ஸ்டாண்டு என்றால் புத்தகக் கடை இல்லாமலா? ஒரு கயிறு, அதில் வரிசையாகக் கிளிப், கிளிப்பில் தொங்கும் வாரப் பத்திரிகைகள். கீழ் வரிசையில், பையன்களின் கண் மட்டத்தில், காமிக்ஸ். நாலு மணி நேரம் பஸ்ஸில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பிள்ளைக்கு அப்பா வாங்கிக் கொடுக்கும் லஞ்சம் அது. விருதுநகர் வருவதற்குள் படித்து முடித்துவிட்டு, திரும்பவும் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கவேண்டியதுதான்.

காசு கொடுத்து வாங்கியவர்களைவிட வாடகைக்கு எடுத்துப் படித்தவர்கள் அதிகம். மதுரைத் தெருக்களில் வீட்டு முன்னறையிலும் பெட்டிக்கடை ஓரத்திலும் வாடகை நூலகங்கள் நடந்தன. பெரியவர்களுக்கு மாத நாவல், பெண்களுக்குத் தொடர்கதை பைண்டிங், பையன்களுக்குக் காமிக்ஸ். எங்கள் பக்கத்துக் கடையில் தினமும் ஒலித்த உரையாடல் இதுதான்.

“அண்ணே, மாயாவி வந்துருச்சா?”

“எடுத்துட்டுப் போனவன் இன்னும் கொண்டாரலடா. பள்ளிக்கூடம் விட்டு வா.”

“போனவாட்டியும் இதத்தான சொன்னீங்க?”

“போனவாட்டி நீ மூணு நாள் வச்சிருந்தியே, அதுக்கு நான் என்ன சொன்னேன்? போடா.”

அந்தப் புத்தகங்கள் சாணித்தாளில் அடித்தவை. பத்துக் கை மாறினால் அட்டை போகும். இருபது கை மாறினால் கடைசிப் பக்கமும் போகும். அட்டைக்குப் பதில் பழுப்புக் காகிதம் ஒட்டி, மேலே ஸ்கெட்ச் பேனாவில் ‘மாயாவி’ என்று கடைக்காரர் எழுதி வைப்பார். முடிவு கிழிந்துபோன கதைகளுக்கு முழுப் புத்தகம் படித்தவன் முடிவு சொல்லவேண்டும். அவன் சொல்வதுதான் முடிவு. ஒரே கதைக்கு எங்கள் தெருவில் ஒரு முடிவும், டி.வி.எஸ். நகர் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் வேறொரு முடிவும் புழங்கியது எனக்கே தெரியும்.

விளையாட்டிலும் கை வந்தது. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாளைச் சேர்த்து, விரல் விரலாகச் சுற்றினால் மாயாவி தயார். அவனை யாரும் பார்க்கக்கூடாது. அதாவது, பார்த்தாலும் பார்க்காத மாதிரி இருக்கவேண்டும். ஈயத்தாள் கையைத் தவிர மற்ற இடத்தில் தொட்டால் அவுட் கிடையாது. இந்தச் சட்டம் யார் போட்டது என்று தெரியவில்லை, ஆனால் கண்டிப்பாக அமலில் இருந்தது. உண்மையான பிளக் பாயின்டில் விரல் விட்டுப் பார்க்கக் கிளம்பியவர்களை வீட்டுப் பெரியவர்கள் முதுகில் போட்டுத் தடுத்தார்கள். கிராமத்துக் கிணற்றில் பம்ப்செட்டும் தெருவில் விளக்குக் கம்பமும் பரவிக்கொண்டிருந்த பத்தாண்டுகள் அவை. மின்சாரம் ஒரே நேரத்தில் வரமாகவும் பயமாகவும் இருந்த ஊரில், அதைத் தொட்டுச் சாகாதவன் பெரிய ஆள்தானே?

மாயாவி தனியாக வரவில்லை. ஃப்ளீட்வேயின் பழைய இதழ்களிலிருந்து ஒரு படையே தெற்கு நோக்கிக் கிளம்பியது. 1984 ஜூலையில் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன், இருபது வயதுகூட நிரம்பாத நிலையில், லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழில் சாகச நாயகி மாடஸ்டி பிளைசி. அவளுக்கு அடுத்து வந்தவன்தான் லயனைத் தூக்கி நிறுத்தினான்: ஸ்பைடர். கூர்மையான காதும் மண்டையுமாகக் கறுப்பு உடுப்பில் வருவான். வலை வீசும் துப்பாக்கி, பறந்து போக ஹெலிகார். நியூயார்க்கின் குற்றச் சாம்ராஜ்யத்துக்கு நானே சக்கரவர்த்தி என்று முழங்கிக்கொண்டு, பெல்ஹாம் என்ற விஞ்ஞானியையும் ஆர்டினி என்ற பூட்டு உடைப்பவனையும் அடியாட்களாக வைத்துக்கொண்டவன். வேறு கொள்ளையர்கள் தன்னைவிடப் பெரிய ஆளாகிவிடக் கூடாது என்ற கர்வத்திலேயே அவர்களை ஒழித்து, ஒழித்து, கடைசியில் நீதிக் காவலனாகிவிட்டான். நம் வாசகர்கள் அவனைச் செல்லமாகக் ‘கூர்மண்டையன்’ ஆக்கினார்கள்.

இவனுக்கு ஒரு பெரிய இடத்துத் தொடர்பு உண்டு. 1965-ல் லண்டன் ‘லயன்’ இதழில் டெட் கோவன் எழுத்திலும் ரெக் பன் ஓவியத்திலும் பிறந்த ஸ்பைடரைக் கொஞ்ச நாளில் எழுதத் தொடங்கியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். 1938-ல் அந்த உரிமையை நண்பர் ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு காலமெல்லாம் வழக்காடியவர். அமெரிக்காவில் கதவு சாத்தப்பட்ட நிலையில் லண்டன் வார இதழுக்கு எழுதினார். சூப்பர்மேனின் தகப்பன் எழுதிய கதையைத்தான் நாம் ‘பாட்டில் பூதம்’, ‘டாக்டர் டக்கர்’ காலத்தில் சாணித்தாளில் படித்துக்கொண்டிருந்தோம் என்பது அன்று மதுரையில் எவனுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால்? ஒன்றும் ஆகியிருக்காது, வாடகை ஒரு பைசா கூடியிருக்காது.

மூன்றாமவன் ரோபோ ஆர்ச்சி. மற்ற இருவரைவிட மூத்தவன். 1952-ல் லண்டன் ‘லயன்’ முதல் இதழிலேயே காட்டு ரோபோவாக அறிமுகமானவன். டெட், கென் என்ற இரண்டு நண்பர்களோடு சுற்றுவான். சதுரங்கக் கோட்டைக் காய் வடிவத்தில் ஒரு கால இயந்திரம் வைத்திருந்தான். பீரங்கி துளைக்காது, ஆனால் வாய்க்கொழுப்பு அதிகம். தமிழில் அவன் ‘சட்டித்தலையன்’. ஒருவன் திருடன், ஒருவன் திமிர்பிடித்தவன், ஒருவன் தகரடப்பா. பிரிட்டிஷ் பத்திரிகைக்காரர்களுக்கு அமெரிக்கர்களைப் போலக் கொடி பிடித்த நாயகர்கள் மேல் நாட்டமில்லை. கோணல் மாணலான ஆட்களைத்தான் உருவாக்கினார்கள். அவர்கள் ஊரில் அந்தக் கோணல்கள் வாரத்தோடு குப்பைக்குப் போயின. ‘வேலியண்ட்’ 1976-ல் இன்னொரு இதழோடு கலந்து மறைந்தது. அதே வருடங்களில் இங்கே மாயாவிக்கு வாடகைக் கடையில் வரிசை.

1984-லேயே தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் ஒன்றரை ரூபாய்க்கு வந்து போட்டியைச் சூடாக்கியது. அதில் வந்த மாயாவி வேறு ஆள், காட்டுக்குள் முகமூடியோடு குதிரையில் திரியும் ஃபேண்டம். இதனால் இரண்டு பையன்கள் ‘மாயாவி’ பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டுக் கடைசியில் ஆள் மாறாட்டம் என்று கண்டுபிடிப்பதும் நடந்தது. பிறகு தொலைக்காட்சி, கேபிள். வாடகைக் கடைகள் ஒவ்வொன்றாக சி.டி. கடைகளாகின. 2005-ல் ராணி காமிக்ஸ் நின்றது. பழங்காநத்தம் ஸ்டாண்டின் தெற்கத்தி பஸ்கள் அதற்கு முன்பே மாட்டுத்தாவணிக்குப் போய்விட்டிருந்தன. இப்போது பழங்காநத்தம் ரவுண்டானாவை வெளியூர்க்காரர்கள் அறிவது அரசியல் பொதுக்கூட்டங்களால். பழைய புத்தகம் தேடி நாங்கள் அலைந்த புதுமண்டபத்துக் கடைகளும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன.

பிறந்த ஊர் இவர்களை நினைத்துக்கொண்டதும் அதே 2005-ல்தான். டைட்டன் புக்ஸ் ஸ்டீல் கிளாவையும் ஸ்பைடரையும் கெட்டி அட்டையில் மறுபதிப்பு செய்தது. ‘ஆல்பியன்’ என்ற தொடரில் ஆலன் மூர் கதைக்கருவில், அவர் மகள் லியாவும் ஜான் ரெப்பியனும் எழுத, மறக்கப்பட்ட அந்த நாயகர்களெல்லாம் ஒரு சிறையில் அடைக்கப்பட்டவர்களாகத் திரும்பி வந்தார்கள். பழைய இதழ்களின் உரிமை இன்று ரெபெல்லியன் நிறுவனத்திடம். சிவகாசிக்கு இப்படி நினைத்துக்கொள்ள அவசியம் நேரவில்லை, மறந்தால்தானே. விஜயனின் ‘சிங்கத்தின் சிறுவயதில்’ தொடரைப் படித்தவர்களுக்கு இந்தக் கதையின் உள்வீட்டுப் பக்கம் தெரியும். மாயாவியும் ஸ்பைடரும் நல்ல தாளில் மறுபதிப்பாக வந்தார்கள். சந்தா கட்டியவர்களுக்குக் கூரியரில் போகிறது. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் ரிட்டயர்மென்டை எட்டிப்பார்க்கும் வயதுக்காரர்கள். இயக்குநர் லோகேஷ் கனகராஜ் ‘இரும்புக்கை மாயாவி’ என்ற பெயரில் ஒரு படத் திட்டம் வைத்திருப்பதாகப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

ரசிகர்கள் கூடும் இடங்களில் ஓயாத ஒரு சண்டை உண்டு: மாயாவியைக் கலரில் போடவேண்டுமா? இந்தக் காலத்துப் பிள்ளைகள் கறுப்பு வெள்ளையைத் தொடமாட்டார்கள், கலர் இருந்தால்தான் விற்கும் என்கிறது ஒரு கட்சி. வியாபாரக் கணக்கில் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். நான் எதிர்க்கட்சி. மறைந்த ஆளை பிளாஸ்கோ வரைந்தது அச்சடிக்காத வெள்ளைத் தாளால். கை முடிகிற மணிக்கட்டுக்கு அப்பால் அவர் மை வைக்கவில்லை, அவ்வளவுதான். கலர் அடிக்க வருகிறவர் அந்த இடத்தில் பின்சுவரின் பச்சையையோ வானத்தின் நீலத்தையோ பூசித்தான் ஆகவேண்டும். பூசிவிட்டால் அங்கே சுவர் இருக்கும், வானம் இருக்கும், ஆள் இருக்கமாட்டான்.